கடிகாரம் இல்லாத பள்ளிக்கூடம்



சிறு பிள்ளைகளைச் சில காலம் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாமா, படிப்பித்தால் அதற்கு எவ்விதமாகத் திட்டம் வகுப்பது என்ற கேள்வி, பட்டணங்களில் குடியேறியிருக்கிற நம் சபைக் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும்புகிறது. இங்கே திருவனந்தபுரத்தில் என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். இம்மாதம் அதற்குப் பதில் எழுத விரும்புகிறேன். ஆனால் பதிலைச் சொல்லுமுன், இந்தக் காரியத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பேசாத பிள்ளை

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்டு மாதத்தில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் எங்கள் சபையின் இளந்தாய் ஒருவர் கண்ணீரோடு காத்திருந்தார். கோவில்பட்டியிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்த குடும்பம். கணவர் சாலைக் கடைவீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறார். காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவார். சகோதரி ஒரு மருத்துவமனையில் செவிலியர். ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மாலை டூட்டி, ஒரு வாரம் இரவு டூட்டி என்று வேலை மாறி மாறி வரும். ஒரே மகன். ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது.

ஜூன் மாதத்தில் பிள்ளையை யு.கே.ஜி.யில் சேர்த்திருந்தார்கள். அன்றுமுதல் இரண்டு மாதமாக வகுப்பில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டிலோ ஓயாமல் பேசுகிறவன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்தைத் தடையின்றி ஒப்புவிக்கிறவன். பள்ளியிலிருந்து அழைத்து, பிள்ளை மந்தமாயிருக்கிறான், இன்னொரு வருடம் கீழ்வகுப்பிலேயே வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காலைதோறும் அழுகை, வயிற்றுவலி. கணவனும் மனைவியும் ஆலோசித்து, அடுத்த ஜூன்வரை பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்று தீர்மானித்தார்கள். ஊரிலிருந்து பிள்ளையின் ஆச்சியும் வந்து தங்குவதாக ஏற்பாடு. "ஐயா, எங்களுக்கு ஒரு திட்டம் எழுதித் தாருங்கள்" என்று சகோதரி கேட்டார்.

நானும் எழுதிக் கொடுத்தேன். காலை ஒன்பது மணிக்கு ஜெபம், ஒன்பதே காலுக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்கு ஆங்கிலம், பத்தரைக்குக் கணக்கு என்று மாலைவரை எட்டுப் பீரியடுகள்; வாரத்துக்கு ஆறு நாள். சிவப்பு மையால் கோடிட்டு, அழகாக எழுதினேன். அதைப் பார்த்த என் மனைவி, "என்னங்க, இது அந்தக் குழந்தைக்கா, வேதாகமக் கல்லூரிக்கா?" என்று கேட்டார். நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் நான்கு நாள் நடந்தது. இரண்டாம் வாரம் டூட்டி மாறியது. பாடம் பாதியில் நின்றது. மூன்றாம் வாரம் இரவு டூட்டி. இரவு முழுதும் நோயாளிகளோடு கண் விழித்துவிட்டுக் காலையில் வீடு வந்த தாய், ஒன்பது மணி ஆயிற்றே என்று பிள்ளையை உட்கார வைத்தார். பிள்ளைக்கு 'ங' எழுத வரவில்லை. ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை அழித்து எழுதினான். தூக்கக் கலக்கத்திலும் சோர்விலும் தாய் அவன் கையில் அடித்துவிட்டார். பின்பு இருவருமே அழுதார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சகோதரி என்னிடம் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் நிற்கிறது: "ஐயா, தினந்தோறும் அந்த அட்டவணைக்குக் கடன்பட்டவளாகத்தான் படுக்கைக்குப் போகிறேன்."

பிரியமானவர்களே, அந்தக் கடனை அவர் தலையில் சுமத்தியவன் நான். அந்த வீட்டில் யார் எப்போது விழித்திருப்பார்கள், யார் எப்போது உறங்குவார்கள் என்று ஒரு கேள்விகூடக் கேளாமல் திட்டம் எழுதினேன்.

நான்கு வேளைகள்

அன்று இரவு உபாகமம் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதிதான். ஆனாலும் ஒரு காரியத்தை அதுவரை கவனித்ததில்லை. மோசே அங்கே மணிக்கணக்கு எதையும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் வேளை, வழியில் போகும் வேளை, படுக்கும் வேளை, எழும்பும் வேளை என்று நான்கு வேளைகளைத்தான் காட்டுகிறார். வனாந்தரத்தில் கூடாரத்தைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்த ஜனத்துக்கு நிலையான மணி ஏது? ஆனால் எந்த இடத்தில் இருந்தாலும் மனிதன் எழும்பத்தான் வேண்டும், உண்ணத்தான் வேண்டும், நடக்கத்தான் வேண்டும், படுக்கத்தான் வேண்டும். பாடத்தை அந்த வேளைகளோடு கட்டிவிட்டால், டூட்டி மாறினாலும் வீடு மாறினாலும் பாடம் அறுந்துபோவதில்லை.

வீட்டுக் கல்விக்கு எடுத்துக்காட்டாக நாம் அடிக்கடி சொல்லும் சூசன்னா வெஸ்லி அம்மையாரை இங்கே நினைக்கலாம். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் ஊரில் வாழ்ந்தவர்; 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைச் சிறுவயதிலேயே இழந்தவர். தாம் பிள்ளைகளை வளர்த்த முறையை 1732ஆம் ஆண்டில் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பள்ளி நடத்திய கண்டிப்பான தாய் என்றே அவரை நாம் அறிவோம். ஆனால் அதே கடிதத்தில் வேறு இரண்டு செய்திகளும் உண்டு.

ஒன்று: ஐந்து வயது நிறையும்வரை அவர் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ஐந்து நிறைந்தபின் பெரும்பாலோர் ஒரே நாளில் எழுத்துக்களை அறிந்துகொண்டார்கள். இருவருக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. கடைசி மகள் கெசியாவுக்கு மாத்திரம், மற்றவர்களின் வற்புறுத்தலால், வயதுக்கு முன்பே தொடங்கினார்கள். மற்றப் பிள்ளைகள் மாதங்களில் கற்றதைக் கற்க அவளுக்கு வருஷங்கள் ஆயின என்று தாயே எழுதியிருக்கிறார்.

மற்றொன்று: 1709ஆம் ஆண்டில் அவர்கள் வீடு தீக்கிரையானது. வீடு கட்டி முடியும்வரை பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் சிதறி வளர்ந்தார்கள். பழைய ஒழுங்கெல்லாம் குலைந்தது. மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது அந்தத் தாய் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தார். மாலையில் மூத்த பிள்ளை மிக இளைய பிள்ளையையும், அடுத்தவர் அதற்கடுத்த இளையவரையும் அழைத்துக்கொண்டு, சங்கீதமும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும் வாசிக்கும் வழக்கம் அப்போது வந்ததே. குலைந்த திட்டத்தைக் குறித்து அழுதுகொண்டிராமல், இருக்கிற நிலைமைக்கு ஏற்ப மறுபடியும் கட்டினார்.

அன்பானவர்களே, நம் வீடுகளில் தீப்பிடிக்க வேண்டியதில்லை. டூட்டி மாறினாலே போதும், காய்ச்சல் வந்தாலே போதும், ஊரில் ஒரு துக்க வீடு என்றாலே போதும், திட்டம் குலைந்துவிடும். குலையும் என்பதை முன்கூட்டியே அறிந்து வகுக்கப்படுவதே நல்ல திட்டம்.

எவ்வளவு நேரம் போதும்?

சிறு பிள்ளைக்கு மிகுந்த நேரம் தேவையில்லை. 2020 ஜூன் 1 அன்று, கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஒதுக்கியதோ அரை மணி நேரம். பள்ளியில் ஓர் ஆசிரியை முப்பது பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியிருப்பதால் நாள் முழுதும் தேவைப்படுகிறது. வீட்டில் ஒரு பிள்ளையோடு ஒருவர் உட்கார்ந்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து 15 அல்லது 20 நிமிடம், எண் 10 நிமிடம், கதை 15 நிமிடம் போதும். மீதிப் பொழுது விளையாட்டும் வீட்டு வேலையும்தான். அவையும் அந்த வயதுக்குக் கல்வியே.

என் மனைவியும் அந்தச் சகோதரியும் ஆச்சியுமாக உட்கார்ந்து இரண்டாம் திட்டத்தை எழுதினார்கள். இம்முறை நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். திங்கள், செவ்வாய் என்று கிழமை வாரியாக எழுதாமல், டூட்டி வாரியாக நான்கு அட்டைகள் எழுதினார்கள். அன்றைக்கு எந்த டூட்டியோ அந்த அட்டையைச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவது. டூட்டிக்குப் பதிலாக உங்கள் வீட்டில் எது மாறுகிறதோ அதை வைத்து நீங்களும் இப்படி வகுத்துக்கொள்ளலாம்.

1. காலை டூட்டி அட்டை: எழும்பும் வேளையில் தகப்பன் பிள்ளையோடு ஜெபித்து, குளிப்பாட்டும்போது ஒன்றுமுதல் இருபதுவரை எண்ணச் சொல்வார். பகலில் ஆச்சியோடு விளையாட்டு. தாய் வந்து இளைப்பாறியபின், மாலைக் காபி குடித்தவுடன் எழுத்துப் பாடம்.

2. மாலை டூட்டி அட்டை: காலைப் பலகாரம் முடிந்தவுடன் எழுத்தும் எண்ணும். இரவுக் கதை ஆச்சியுடையது.

3. இரவு டூட்டி அட்டை: தாய்க்குப் பாடம் இல்லை; உறக்கம் மட்டுமே. அன்று ஆச்சிதான் ஆசிரியை. அரிசியில் கல் பொறுக்குதல், வெங்காயம் உரித்தல், துணி மடித்தல், கதை கேட்டல்.

4. விடுமுறை அட்டை: வழியில் நடக்கும் வேளை. சங்குமுகம் கடற்கரை, மிருகக்காட்சிசாலை, மாநில மத்திய நூலகம்.

இவற்றோடு மூன்று விதிகளும் எழுதினார்கள். முதலாவது, விடுபட்ட பாடத்தை அடுத்த நாளில் சேர்க்கக் கூடாது; விட்டது விட்டதுதான், கடன் இல்லை. இரண்டாவது, வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் நல்ல வாரம், மூன்று நாள் நடந்தாலும் வாரம்தான். மூன்றாவது, பிள்ளையோ பெரியவரோ அழத் தொடங்கினால் அன்றையப் பாடம் முடிந்தது.

எதைக் கற்பிப்பது?

தமிழில் எழுத்துக்கள் மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. அகர வரிசையாகத் தொடங்கினால் 'அ' என்னும் வளைந்த எழுத்தே முதல் மலையாக நிற்கும். பாடுவதற்கு அகர வரிசை நல்லது. எழுதுவதற்கு எளிய கோடுகளால் ஆன ட, ப, ம ஆகியவற்றில் தொடங்குவது எளிது. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடலாம். ர, க, ல ஆகியவற்றைச் சேர்த்தால் மரம், கல், பல், பகல், கடல் எல்லாம் வந்துவிடும். ஒரே மாதத்தில் பிள்ளை ஒரு சொல்லைத் தானே வாசித்துவிட்டால், பின்பு அவனைத் தள்ள வேண்டியதில்லை, அவனே இழுப்பான். அந்தத் தாயையும் பிள்ளையையும் அழவைத்த 'ங'வை ஆண்டின் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பென்சில் பிடிக்கக் கை பழகும்வரை தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதட்டும். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் எழுதினார்கள். எண்ணுக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். 14 குழிகளிலும் முத்துக்களைப் போட்டு எடுக்கிற பிள்ளை, கூட்டலையும் கழித்தலையும் பெயர் தெரியாமலே செய்துவிடுகிறான்.

விடுமுறை நாளின் நடைகளும் பாடமே. பாளையத்தில் இருக்கிற மாநில மத்திய நூலகம் 1829ஆம் ஆண்டில் தொடங்கியது. அருங்காட்சியகத்தையும் மிருகக்காட்சிசாலையையும் ஒரே வளாகத்தில் காணலாம்; திங்கட்கிழமை விடுமுறை. தும்பாவில் மீனவர் வழிபட்டு வந்த மகதலேனா மரியாள் ஆலயம் விண்வெளி ஆராய்ச்சிக்காக விட்டுக்கொடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட வரலாற்றைச் சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்பான். அந்த ஆலயக் கட்டடம் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஆச்சி கேட்ட கதை

இரண்டாம் திட்டம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஓர் இரவு டூட்டி நாளில் ஆச்சி வெங்காயம் உரித்துக்கொண்டே பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பிள்ளையின் வாயிலிருந்து காரணம் வெளிவந்தது.

வகுப்பின் முதல் நாளில் டீச்சர் அவனிடம், "வெள்ளம் வேணோ?" என்று கேட்டிருக்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவனுக்கோ வெள்ளம் என்றால், ஞாயிறு பள்ளியில் கேட்ட நோவாவின் காலத்து வெள்ளம். பயந்து, வேண்டாம் என்று தலையசைத்திருக்கிறான். அந்த நாள் முழுதும் தாகத்தோடு இருந்திருக்கிறான். பிறகொரு நாள் உன் ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். ஆச்சியின் ஊரை நினைத்துப் பெருமையோடு "கோவில்பட்டி" என்றான். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தன் ஆச்சியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான். அன்று வாயை மூடியவன்தான்.

எட்டுப் பீரியடுகள் உள்ள என் அட்டவணையில் இந்தக் கதையைச் சொல்ல அவனுக்கு இடம் இருக்கவில்லை. வெங்காயம் உரிக்கும் வேளையில் இருந்தது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் அப்போஸ்தலன் தாயாகிய ஐனிக்கேயாளோடு பாட்டியாகிய லோவிசாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது ஏன் என்று அன்று எனக்கு விளங்கிற்று.

புதிய மொழியின் நடுவில் வைக்கப்படும் சிறு பிள்ளை சில வாரமோ சில மாதமோ வாய் திறவாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அதை மந்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே வேளையில், வீட்டில் தாய்மொழியிலும் பேச்சு வராத பிள்ளையை, வளர்ந்தால் பேசுவான் என்று விட்டுவிடவும் கூடாது. ஜெபியுங்கள், அதோடு தாமதிக்காமல் செவியையும் பேச்சையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, ஆக்குளத்தில் இயங்கும் நிஷ் என்னும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிற குழந்தை வளர்ச்சி மையமும் இதற்கென்றே நம் நகரத்தில் இருக்கின்றன.

காரணம் தெரிந்தபின் திட்டத்தில் ஒரு காரியத்தைச் சேர்த்தார்கள். மாலையில் அரை மணி நேரம் பக்கத்து வீட்டுச் சேச்சியின் பிள்ளைகளோடு விளையாட்டு. புத்தகம் இல்லை, எழுத்து இல்லை, பேச்சு மட்டும். மூன்று லிபிகளை ஒரே காலத்தில் சுமத்தாமல், தமிழில் வாசிக்கப் பழகும்வரை மலையாளத்தைக் காதாலும் வாயாலும் மட்டும் கற்கட்டும் என்று விட்டார்கள். நாம் வாழ வந்த இந்த மாநிலத்தில், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்புவரை பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடம். அதை அந்நியமாக எண்ணிப் பிள்ளைக்கு மறைத்துவைப்பது அன்பாகாது. தாய்மொழியில் காலூன்றிய பிள்ளை அடுத்த மொழிக்குத் தைரியமாக நடக்கும். தமிழ்வழியே படிப்பிக்க விரும்புவோருக்குச் சாலைப் பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளியும் உண்டு.

சட்டம் சொல்வது

இக்காரியத்தில் அறியாமையினால் இடறிவிடக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அது 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது. ஆறு வயதுக்கு முன் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிப்பதற்கு அதில் தடை ஒன்றுமில்லை. ஆறு வயதுக்குப் பின், பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்லுகிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. பள்ளியை விட்டிருந்த பிள்ளை திரும்பச் சேரும்போது வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படவும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி பெறவும் 4ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. ஆகையால் பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வையுங்கள். பிள்ளை எழுதிய தாள்களைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள்.

அதற்குப் பின்னும் வீட்டிலேயே தொடரத் தீர்மானிப்பவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த அரசு நிறுவனத்தில், மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு ஈடான அடிப்படைக் கல்வி நிலைகள் உண்டு. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு ஈடான தேர்வுக்குப் பதிவு செய்யலாம். பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் எழுதி முடிக்கலாம்.

என்றாலும் என் ஆலோசனை வெளிப்படையானது. இருவரும் வேலைக்குப் போகிற நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு, ஆறு வயதுவரை வீடு, அதன்பின் பள்ளியும் வீடும் என்பதே தாங்கக்கூடிய வழி. உலகத்துக்குப் பயந்து பிள்ளையை மறைத்துவைப்பதற்காக வீட்டுக் கல்வியைத் தெரிந்துகொள்ளாதீர்கள். தாய் ஒருத்தியின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் விலையாகக் கொடுத்து அதை நடத்தாதீர்கள். அடித்துக் கற்பிப்பதானால் வீட்டில் கற்பிக்கவே வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும்

பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கும் இந்த நான்கு வேளைகள் உதவும். தமிழ்நாட்டு அரசு 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலுள்ள தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, கொரோனாக் காலத்தில் இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. மாலைநேர ஒரு மணியை அற்பமாக எண்ணாதிருப்போமாக.

சபைகளும் இதில் செய்யத்தக்கது உண்டு. வாரத்தின் பெரும்பாலான மாலைகளில் நம் ஜெப மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. ஒரு பாயும், ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்களும், முறைவைத்து வரும் இரண்டு தாய்மாரும் இருந்தால், டூட்டிக்குப் போகும் சகோதரியின் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் உண்டாகும். எங்கள் சபையில் அந்த ஆண்டுமுதல் செவ்வாயும் வியாழனும் மண்டபம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது.

முடிவாக

அடுத்த ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அருகிலுள்ள வேறொரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். தமிழில் சிறு சொற்களை வாசிக்கிறான், நூறுவரை எண்ணுகிறான்; ஆங்கில எழுத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கித்தான் இருந்தான். முதல் வாரம் அழுதான். இரண்டாம் வாரம் அழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி வேளையில் அந்தச் சகோதரி எழுந்து நின்றார். நம் சபைகளில் பிள்ளைகள் முதல் ரேங்க் வாங்கியதற்கும் பரிசு பெற்றதற்கும் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "என் மகன் வியாழக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, 'டீச்சர், வெள்ளம் வேணம்' என்று கேட்டானாம். டீச்சர் கொடுத்தார்களாம். குடித்தானாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." சபையில் பாதிப் பேருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்கு விளங்கிற்று; அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெற்றோரே, உங்கள் வீட்டுக்கென்று திட்டம் எழுத உட்காரும்போது, முதலில் கடிகாரத்தைப் பார்க்காதிருங்கள். உங்கள் வீட்டில் யார் எப்போது எழும்புகிறார்கள், யார் எப்போது களைத்திருக்கிறார்கள், பிள்ளை யாரிடம் மனம் திறந்து பேசுகிறது என்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதன்பின் பேனாவை எடுங்கள். சிவப்பு மை வேண்டாம். பென்சிலே போதும், அழித்து எழுத வசதியாயிருக்கும்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக.